ஒரு செருகல், மூன்று ஓட்டங்கள்: ஸ்பீக்கர் டாக்கைப் புரிந்துகொள்வோம்

பரணிலிருந்து இறக்கிய அட்டைப்பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த ஸ்பீக்கர் டாக்கை மேசையில் வைத்தார் என் பெரியப்பா. கருப்பு நிறம், முன்பக்கம் முழுக்கத் துணிவலை, நடுவில் பிளேயரை நிறுத்துவதற்கு ஒரு சிறு குழி. அவரிடம் ஆப்பிளின் சிறிய பாட்டுப் பிளேயரான ஐபாட் நானோ, நான்காம் தலைமுறை, ஒன்று இருந்தது. அதைக் குழியில் நிறுத்தினார். பாட்டு வந்தது, அவர் முகமும் மலர்ந்தது. ஒரு மணி நேரம் கழித்து நானோவின் திரையை என்னிடம் காட்டினார். பேட்டரிக் குறி பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

“பாடுகிறது தம்பி, ஆனால் சார்ஜ் ஏறவில்லை. கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது. இனி இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?” என்றார்.

அந்த டாக்கில் ஒரு பழுதும் இல்லை. நானோவிலும் இல்லை. இரண்டும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தன. ஆனால் இதைச் சொன்னால் எளிதில் நம்பமாட்டார்கள். ‘செருகினால் பொருந்துகிறது, பொருந்தினால் எல்லாம் வேலை செய்யவேண்டும்’ என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதோடு சேர்ந்து இன்னும் சில தவறான பேச்சுகளும் உலவுகின்றன. வாட் கூடினால் சத்தம் அதே அளவு கூடும் என்பது ஒன்று. பிளேயரின் வால்யூம் வேலை செய்யவில்லை என்றால் டாக் பழுது என்பது இன்னொன்று. நல்ல நிலையில் இருக்கும் எத்தனையோ டாக்குகள் இப்படித்தான் குப்பைக்குப் போகின்றன. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அதனால் அடிப்படையிலிருந்து சொல்கிறேன்.

கரையணையும் கப்பல்

டாக் என்பது துறைமுகத்துச் சொல். கப்பல் வந்து அணைந்து நிற்கும் இடத்துக்கு அந்தப் பெயர். கடலில் தனியாகத் திரிந்த கப்பல் கரையணைந்ததும் மூன்று காரியங்கள் நடக்கத் தொடங்குகின்றன. எரிபொருள் ஏறுகிறது. சரக்கு இறங்குகிறது. கப்பலுக்கும் துறைமுக அலுவலகத்துக்கும் இடையே தகவல் போய்வருகிறது. எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டால் சரக்கு இறங்குவது நின்றுபோகாது. தகவல் தொடர்பு அறுந்தாலும் எரிபொருள் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

பையில் வைத்துத் திரிந்த பிளேயரை ஸ்பீக்கர் டாக்கில் நிறுத்தும்போதும் இதேதான் நடக்கிறது. டாக்கிலிருந்து பிளேயருக்கு மின்சாரம் ஏறுகிறது. பிளேயரிலிருந்து டாக்குக்கு இசை இறங்குகிறது. ‘அடுத்த பாட்டுக்குப் போ’, ‘நிறுத்து’ போன்ற கட்டளைகள் டாக்கிலிருந்து பிளேயருக்கும், அதற்கான பதில்கள் திரும்பியும் போய்வருகின்றன. இனி இவற்றை மின்சார ஓட்டம், இசை ஓட்டம், கட்டளை ஓட்டம் என்றே குறிப்பிடுகிறேன்.

நம் கண்ணுக்குத் தெரிவது ஒரே ஒரு செருகல். உள்ளே ஓடுவதோ மூன்று தனித்தனிக் கம்பிவழிகள். ஒன்று ஓடி இன்னொன்று ஓடாமல் இருப்பது விசித்திரமல்ல. பெரியப்பாவின் டாக்கில் இசை ஓட்டமும் கட்டளை ஓட்டமும் ஒழுங்காக இருந்தன, மின்சார ஓட்டம் மட்டும் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு அந்தச் செருகியை அருகில் வைத்துப் பார்க்கவேண்டும்.

செருகியின் உள்ளே

முதல் ஐபாட் 2001-இல் வந்தது. டாக்கில் நிறுத்துவதற்கென்றே அமைந்த 30 பின் இணைப்பை ஆப்பிள் 2003-இல் மூன்றாம் தலைமுறை ஐபாடில் கொண்டுவந்தது. பின் என்பது மின்சாரத்தைத் தொட்டுக் கடத்தும் சிறு உலோகத் தகடு. டாக்கின் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாக்கின் மேல் தங்கநிறக் கோடுகள் சீப்பின் பற்களைப் போல நெருக்கமாக நிற்பது தெரியும். அவற்றில் சில இடது, வலது ஒலிக்கு. சில கட்டளைக்கு. சில மின்சாரத்துக்கு.

இந்த மின்சாரப் பின்களில்தான் கதை இருக்கிறது. தொடக்க காலத்து ஐபாட்கள் ஃபயர்வயர் என்ற கேபிள் இணைப்பின் வழியே சார்ஜ் ஆயின. அந்தக் காலத்து டாக்குகள் பல, சுமார் 12 வோல்ட் மின்சாரத்தை அதற்குரிய பின்களில் கொடுத்தன. பிறகு யூஎஸ்பி பரவியது. அதற்கு 5 வோல்ட், வேறு பின்கள். சில ஆண்டுகள் வரை பிளேயர்கள் இரண்டையும் ஏற்றுக்கொண்டன. 2008-இல் வெளிவந்த ஐபோன் 3ஜி, நான்காம் தலைமுறை நானோ முதலியவை ஃபயர்வயர் பின்களிலிருந்து சார்ஜ் ஏற்றிக்கொள்வதை விட்டுவிட்டன. செருகியின் வடிவம் மட்டும் அப்படியே இருந்தது.

பெரியப்பாவின் டாக் 2008-க்கு முந்தையது. அது 12 வோல்ட்டை ஒரு வாசலில் கொண்டுவந்து நிற்கிறது. நானோ இன்னொரு வாசலைத் திறந்துவைத்து 5 வோல்ட்டுக்குக் காத்திருக்கிறது. இசைக்குரிய பின்கள் மாறாததால் பாட்டு மட்டும் தடையில்லாமல் வருகிறது. இவ்வளவுதான் விஷயம். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கித் தரும் சிறிய இடையிணைப்புகளும் அப்போது விற்பனைக்கு வந்தன. அது கிடைக்காவிட்டால் நானோவைத் தனிக் கேபிளில் சார்ஜ் செய்துகொண்டு டாக்கில் பாடவைக்கலாம்.

2012-இல் வடிவமே மாறியது. ஐபோன் 5-உடன் வந்த லைட்னிங் இணைப்பில் 8 தொடுபுள்ளிகள்தான். 2023-இல் ஐபோன் 15 யூஎஸ்பி-சிக்கு மாறியது. மற்ற நிறுவனங்களும் தத்தம் வழியில் போயின. சோனி வாக்மேன்களில் பல ஆண்டுகள் 22 பின் கொண்ட தனி இணைப்பு இருந்தது. ஆகவே டாக் வாங்கும்போதோ, யாராவது கொடுத்து வாங்கிக்கொள்ளும்போதோ கேட்கவேண்டிய கேள்வி ‘செருகி பொருந்துமா’ என்பது மட்டுமல்ல. ‘இந்தப் பிளேயருக்கு மூன்று ஓட்டங்களும் கிடைக்குமா’ என்பதே சரியான கேள்வி. டாக்கோடு வந்த சிறு கையேட்டில் எந்தெந்த மாடல்களுக்குச் சார்ஜ் ஏறும், எவற்றுக்கு ஒலி மட்டும் வரும் என்ற அட்டவணை பெரும்பாலும் இருக்கும். யாரும் படிக்காத பக்கம் அது. முதலில் படிக்கவேண்டிய பக்கமும் அதுதான்.

சுருக்கமாக: ஒரே வடிவச் செருகிக்குள் வெவ்வேறு காலத்து மின்வழிகள் இருக்கக்கூடும். பொருந்துவது வேறு, இயங்குவது வேறு.

எண்ணிலிருந்து ஒலிக்கு

பிளேயருக்குள் இருப்பது பாட்டல்ல, எண்கள். குறுந்தகட்டின் தரத்தில் ஒரு விநாடி இசை என்றால் இடதுக்கு 44,100 எண்கள், வலதுக்கு 44,100 எண்கள். ஒலியலை அந்தந்தக் கணத்தில் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதன் அளவுகள் அவை. தாளில் புள்ளிகளை வரிசையாக வைத்து, எல்லாவற்றையும் ஒரு வளைகோட்டால் இணைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளை மீண்டும் வளைகோடாக்கும் வேலையைச் செய்கிற சில்லுக்கு இங்கே மாற்றி என்று பெயர் வைத்துக்கொள்வோம். மாற்றியிலிருந்து வெளிவருவது ஏறி இறங்கும் மெல்லிய மின் அலை; இனி அதை ‘மின்னலை’ என்போம். அதை ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்கு வளர்த்துத் தருவது பெருக்கி, அதாவது ஆம்ப்ளிஃபயர்.

பெருக்கி எப்போதும் டாக்கில்தான் இருக்கும். மாற்றி எங்கே இருக்கிறது என்பது மாறும். 30 பின் காலத்து டாக்குகள் பெரும்பாலானவற்றில் மாற்றி பிளேயருக்குள் இருந்தது, டாக்குக்கு வந்தது மின்னலை. லைட்னிங் செருகியில் மின்னலை போவதற்கு வழியே இல்லை, எண்கள் மட்டுமே போகும். எனவே மாற்றி டாக்கின் பக்கம் வந்தாகவேண்டும். லைட்னிங்கிலிருந்து 30 பின்னுக்கு மாற்றித்தரும் சிறு இணைப்பு ஒன்று உண்டல்லவா? அது வெறும் கம்பிகளை இடம்மாற்றிக் கட்டிய துண்டு என்றே பலரும் நினைக்கிறார்கள். அதற்குள் ஒரு முழு மாற்றி உட்கார்ந்திருக்கிறது. தோற்றத்தில் அதே போல இருக்கும் மலிவான துண்டுகள் சிலவற்றில் சார்ஜ் ஏறி, பாட்டு வராமல் போவதற்குக் காரணம் அது இல்லாததுதான்.

இரண்டு குழாய்த் திருகுகள்

மக்கள் அதிகம் தடுமாறுவது வால்யூமில். அதனால் இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்ப்போம்.

பிளேயரிலிருந்து மின்னலை வெளியேற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஹெட்போன் துளை. அங்கே வரும் அலையின் அளவு பிளேயரின் வால்யூமுக்கு ஏற்பக் கூடும், குறையும். இன்னொன்று, 30 பின் செருகியில் இருந்த லைன் அவுட். ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவிக்கு அனுப்புவதற்கென்றே நிலையான அளவில் வைக்கப்பட்ட வெளிவழி அது. வீட்டு ஒலிக்கருவிகளில் இத்தகைய சிக்னலின் வழக்கமான அளவு சுமார் 0.3 வோல்ட். பிளேயரின் வால்யூமை ஏற்றினாலும் இறக்கினாலும் லைன் அவுட்டின் அளவு மாறாது. அதனால்தான் 30 பின் டாக்கில் நிறுத்திய ஐபாடின் வால்யூமை எவ்வளவு மாற்றினாலும் ஒன்றும் நடப்பதில்லை. அது பழுதல்ல, வடிவமைப்பே அப்படி. வால்யூமுக்கு டாக்கின் பொத்தானையோ ரிமோட்டையோ பயன்படுத்தவேண்டும்.

செருகி பொருந்தாத பிளேயரை டாக்கின் பின்பக்கம் உள்ள ஆக்ஸ் துளையில் 3.5 மில்லிமீட்டர் கேபிளால் இணைக்கும்போது நிலைமை வேறு. இப்போது ஒரே குழாயில் இரண்டு திருகுகள் இருக்கின்றன: பிளேயரில் ஒன்று, டாக்கில் ஒன்று. இரண்டையும் எப்படி வைப்பது?

பிளேயரை மிகக் குறைவாக வைத்து டாக்கை முழுவதும் ஏற்றினால் பாட்டோடு ‘உஸ்’ என்ற இரைச்சலும் சேர்ந்து வரும். மங்கலான பிரதியைப் பெரிதாக்கினால் எழுத்தோடு சேர்ந்து தாளின் கறையும் பெரிதாகத் தெரிவது போல, பெருக்கி நல்லதையும் கெட்டதையும் ஒன்றாகத்தான் வளர்க்கும். மாறாகப் பிளேயரை உச்சத்தில் வைத்தால், சில கருவிகளில் அலையின் உச்சிகள் டாக் தாங்கும் எல்லையைத் தாண்டிவிடும். தாண்டிய பகுதி வெட்டுப்பட்டு, உருண்டையாக இருக்கவேண்டிய அலைமுகடு தட்டையாகிறது. காதுக்கு அது கரகரப்பாகக் கேட்கிறது.

நான் செய்வது இப்படி. டாக்கின் வால்யூமைக் குறைத்துவைத்துவிட்டு, பிளேயரை அதன் அளவில் ஐந்தில் நான்கு பங்கு வரை ஏற்றுவேன். நாகஸ்வரம் போல ஓங்கி ஒலிக்கும் ஒன்றைப் பாடவைப்பேன். பிறகு டாக்கை மெல்ல ஏற்றி, கேட்க இதமான இடத்தில் நிறுத்துவேன். கரகரப்பு இருந்தால் பிளேயரைச் சற்றுக் குறைப்பேன். பாட்டை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரின் வலைக்கு அருகே காதை வைத்துப் பார்ப்பேன். அங்கே மிக மெல்லிய ‘உஸ்’ கேட்டு, ஓரடி தள்ளினால் மறைந்துவிட்டால் திருகுகள் இரண்டும் சரியான இடத்தில் இருக்கின்றன. அதன் பிறகு அன்றாடம் கூட்டுவதும் குறைப்பதும் டாக்கில் மட்டும்தான்.

ஆக்ஸ் கேபிளில் ஒரு வேடிக்கையான குறை வருவதுண்டு. பாட்டில் பாடகரின் குரல் மட்டும் காணாமற்போய், வாத்தியங்கள் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். பாட்டின் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கேபிளின் முனையைப் பாருங்கள், கருப்பு வளையங்களால் பிரிக்கப்பட்ட மூன்று உலோகப் பகுதிகள் இருக்கும். நுனி இடது ஒலிக்கு, நடுவளையம் வலது ஒலிக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான திரும்பும் வழி. முனை முழுவதும் உள்ளே போகாமல் அந்தப் பொதுவழி தொடர்பற்றுப் போனால், ஸ்பீக்கருக்குக் கிடைப்பது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. பாடகரின் குரல் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சம அளவில் பதிவாகியிருக்கும். சமமான இரண்டைக் கழித்தால் பூஜ்யம். குரல் மறைகிறது, பக்கவாட்டில் பிரிந்து பதிவான வாத்தியங்கள் மட்டும் மிஞ்சுகின்றன. கேபிளை ‘டக்’ என்ற சத்தம் வரும்வரை அழுத்துங்கள், பாடகர் திரும்பி வந்துவிடுவார். கைபேசிக்குத் தடித்த உறை போட்டிருந்தால் அந்த உறையே முனையைத் தடுத்துக்கொண்டிருக்கலாம்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்கவேண்டியது: 30 பின் செருகியில் டாக்கின் வால்யூம் மட்டும். ஆக்ஸில் இரண்டு வால்யூம்கள், பிளேயரை உயரத்தில் நிறுத்திவிட்டு டாக்கில் கூட்டிக் குறைக்கவேண்டும்.

சிறு பெட்டி, பெரிய அலை

ஸ்பீக்கர் என்பது காற்றைத் தள்ளும் ஒரு கூம்பு. அதன் பின்னால் ஒரு கம்பிச்சுருள், அதைச் சுற்றி ஒரு காந்தம். பெருக்கியிலிருந்து வரும் அலை சுருளை முன்னும் பின்னும் உந்துகிறது, சுருளோடு ஒட்டிய கூம்பு காற்றை உந்துகிறது. ஒரு விநாடிக்கு எத்தனை முறை உந்துகிறது என்பதன் அலகு ஹெர்ட்ஸ். 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை காற்றில் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் நீளம். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலையோ ஏறத்தாழ 7 மீட்டர். ஓர் அறையைவிட நீளமான அலையை உள்ளங்கை அகலக் கூம்பு ஒன்று எழுப்பவேண்டியிருக்கிறது. சிறு டாக்குகளில் மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலிப் பக்கமான தொப்பி மெலிந்து, உயர்ந்த ஒலிப் பக்கமான வலந்தலை மட்டும் எடுப்பாகக் கேட்பது ஏன் என்று இப்போது விளங்கும்.

இதை ஈடுகட்டத் தயாரிப்பாளர்கள் பெட்டியில் ஒரு துளை வைப்பார்கள். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ‘பூம்’ என்று ஒரு தாழ்ந்த ஒலி வரும் அல்லவா, அதே தத்துவம். கூம்பின் பின்பக்கக் காற்று அந்தத் துளைவழியே அதிர்ந்து தாழ்ந்த ஒலிக்குத் துணைசெய்கிறது. துளை பின்பக்கம் இருந்தால் சுவரோடு ஒட்டிவைக்காதீர்கள், ஒரு கையகலமாவது விடுங்கள்.

டாக்கை எங்கே வைக்கிறோம் என்பது, எவ்வளவு விலையுள்ள டாக் என்பதற்கு இணையான விஷயம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். தாழ்ந்த ஒலி எல்லாத் திசையிலும் பரவும். சுவருக்கு அருகே வைத்தால் பின்னால் போன ஒலியும் திரும்பி வந்து சேர்ந்துகொள்ளும், பேஸ் கூடும். மூலையில் வைத்தால் இரண்டு சுவர்களும் சேர்ந்து மேலும் கூட்டும், சில சமயம் குரலை மூழ்கடிக்கும் அளவுக்கு. ஒரே பாட்டைத் திரும்பத்திரும்ப ஓடவிட்டு, டாக்கை மேசையின் நடுவிலிருந்து சுவரை நோக்கி ஓர் அங்குலம் ஓர் அங்குலமாகத் தள்ளிப் பாருங்கள். பேஸ் நிறைந்து, குரலும் தெளிவாக இருக்கும் ஓர் இடம் கட்டாயம் அகப்படும். உயர்ந்த ஒலி நேர்கோட்டில் போவது. டாக் முழங்கால் உயரத்தில் இருந்தால் தாளத்தின் கூர்மை உங்கள் காதுக்கு வராது. உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்துக்குக் கொண்டுவரவேண்டும், முடியாவிட்டால் முன்பக்கத்தைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்துவைக்கவேண்டும்.

இடது, வலது என்று இரண்டு கூம்புகள் இருந்தாலும் அவற்றுக்கிடையே ஒன்றிரண்டு சாண்தான் இடைவெளி. அறையின் அந்தக் கோடியில் நின்றால் ஸ்டீரியோப் பிரிவு தெரியாது. மேசையில் ஒரு மீட்டருக்குள் உட்கார்ந்து கேட்டால் தெரியும்.

வாட் பற்றியும் ஒரு சொல். சக்தியை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபெல் கூடுகிறது. காதுக்கு அது ‘சற்றே கூடியிருக்கிறது’ என்ற அளவுதான். இரண்டு மடங்கு சத்தம் என்று காது உணரவேண்டுமானால் ஏறத்தாழ பத்து மடங்கு சக்தி வேண்டும். எனவே 10 வாட் டாக்குக்கும் 20 வாட் டாக்குக்கும் இடையே பெட்டியில் தெரியும் அளவுக்கு வித்தியாசம் காதில் தெரியாது. அட்டையில் பிஎம்பிஓ என்று நூற்றுக்கணக்கில் எண் போட்டிருந்தால் அதைக் கணக்கிலேயே எடுக்கவேண்டாம். அதை அளப்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை கிடையாது. ஆர்எம்எஸ் என்று எழுதியிருக்கும் எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

முதல் நாள்

முதலில் அடாப்டர். பழைய டாக்கின் அடாப்டர் தொலைந்துபோய், வீட்டில் கிடக்கும் ஏதோ ஒன்றைச் செருகுவதுதான் டாக்கை உண்மையிலேயே எரித்துவிடும் தவறு. டாக்கின் அடியில் அச்சிட்டிருக்கும் வோல்ட் எண்ணும் அடாப்டரின் வோல்ட் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக்கூடாது. ஒரு நேர்கோடும் அதன் கீழ் விட்டுவிட்டுப் போகும் கோடும் இருந்தால் நேர்மின்சாரம். அலை போன்ற வளைவு இருந்தால் மாறுமின்சாரம். அதுவும் ஒத்துப்போகவேண்டும். உருளைச் செருகியின் நடுவில் கூட்டலா கழித்தலா என்பதைக் காட்டும் சிறு வட்டப் படம் இரண்டிலும் இருக்கும். இவை நான்கும் சரியாக இருந்தால் மட்டும் செருகுங்கள்.

அடுத்து, குழி. டாக்கோடு மெல்லிய பிளாஸ்டிக் சட்டங்கள் சில வந்திருக்கும். பயனற்ற துண்டுகள் என்று அவற்றை எறிந்துவிடுகிறார்கள். அவை ஒவ்வொரு பிளேயரின் தடிமனுக்கும் ஏற்ப வெட்டப்பட்டவை. சட்டம் இல்லாமல் நிறுத்தினால் பிளேயரின் முழு எடையும் அந்தச் சீப்புப் பற்களின் மேல் சாய்கிறது. நாளடைவில் பின்கள் வளைந்து, ஒருபக்க ஒலி மட்டும் வரத் தொடங்கும். உறையைக் கழற்றிவிட்டு நேர்கோட்டில் இறக்குங்கள். எடுக்கும்போது ஒரு கையால் டாக்கை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் நேராக மேலே தூக்குங்கள்.

முழுவதும் இறங்கவில்லை என்றால் பலம் காட்டவேண்டாம். பிளேயரின் துளையில் பாருங்கள். சட்டைப்பையின் பஞ்சு மாதக்கணக்கில் சேர்ந்து, ஒவ்வொரு செருகலிலும் அழுந்தி, அடியில் கெட்டியாகப் படிந்திருக்கும். பிளேயரை அணைத்துவிட்டு, மரப் பல்குத்தியால் ஓரத்திலிருந்து மெல்லக் கிளறினால் சாம்பல்நிறத் திப்பியாக வெளியே வரும். உலோக ஊசி கூடாது. நீரும் கூடாது.

காற்றுவழி வரும் பாட்டு

புளூடூத் உள்ள டாக்கில் இசை ஓட்டமும் கட்டளை ஓட்டமும் வானலையில் போகின்றன. மின்சாரம் போவதில்லை. டாக்கோடு இணைந்திருக்கும் கைபேசியின் பேட்டரி இறங்குகிறதே என்று வியப்பதற்கு ஒன்றுமில்லை. பொதுவாக 10 மீட்டர் வரை எட்டும் என்பார்கள். இடையில் சுவரோ மனித உடலோ வந்தால் குறையும், ஏனெனில் அந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நம் உடலின் நீர் உறிஞ்சிவிடுகிறது. எண்களைச் சுருக்கி அனுப்பி, மறுமுனையில் விரிக்க நேரம் பிடிப்பதால் ஒலி சற்றுத் தாமதமாகவே வரும். பாட்டுக்கு அதனால் கேடில்லை. வீடியோ பார்க்கும்போது உதடு முந்தி, பேச்சு பிந்தும்.

பழைய 30 பின் டாக்கின் குழியில் செருகும் புளூடூத் ரிசீவர்களும் உண்டு. தீப்பெட்டி அளவே இருக்கும், வானலையில் வரும் எண்களை மின்னலையாக்கி டாக்கின் இசைப் பின்களுக்குத் தரும். ஆனால் அதற்கு வேண்டிய மின்சாரத்தை டாக்கிடமிருந்துதான் எடுக்கவேண்டும். பெரியப்பாவுக்கு ஆசையாக ஒன்று வாங்கித்தர நினைத்து, பிறகு நிறுத்திக்கொண்டேன். 5 வோல்ட்டை எதிர்பார்க்கும் ரிசீவர் அவர் டாக்கில் உயிர்பெறாது. வாங்குமுன் உங்கள் டாக் எந்தப் பின்களில் சார்ஜ் தருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தகராறு வந்தால்

எந்த ஓட்டம் நின்றிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பாட்டு வருகிறது, சார்ஜ் ஏறவில்லை என்றால் மின்சார ஓட்டம். மாடல் பட்டியலையும் அடாப்டரையும் பாருங்கள். சில டாக்குகள் பேட்டரியில் ஓடும்போது பிளேயருக்குச் சார்ஜ் தருவதில்லை. சார்ஜ் ஏறுகிறது, பாட்டு வரவில்லை என்றால் இசை ஓட்டம். பிளேயரை எடுத்து மறுபடி நிறுத்துங்கள், டாக் ஆக்ஸ் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி, ரிமோட் மட்டும் வேலைசெய்யவில்லை என்றால் கட்டளை ஓட்டம். ரிமோட்டின் நுனியைக் கைபேசியின் கேமராவுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் பல கேமராக்களில் வெளிர்ஊதாப் புள்ளியாக மின்னும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் முன்பக்கத்தில் பாருங்கள். இரண்டிலும் மின்னாவிட்டால் பெரும்பாலும் குறை ரிமோட்டின் பேட்டரிச் செல்லில்தான்.

ஒரு பழைய மர்மத்தையும் அவிழ்த்துவிடலாம். தொடக்ககாலக் கைபேசிகளை டாக்கில் நிறுத்தினால், அழைப்பு வரும் கணத்துக்கு முன் ஸ்பீக்கரில் ‘டிட்டிடிட் டிட்டிடிட்’ என்று ஒரு தாளம் எழும். ஜிஎஸ்எம் என்ற அக்காலத் தொடர்பு முறையில் இயங்கும் கைபேசி விநாடிக்கு ஏறத்தாழ 217 முறை விட்டுவிட்டு வானலையை வீசுகிறது. அந்த வீச்சை டாக்கின் கம்பிகள் ஆன்டெனா போல வாங்க, பெருக்கி அதை வளர்க்கிறது. ஐபாடுக்காகச் செய்த டாக்கில் ஐபோனை நிறுத்தியபோது ‘விமான நிலைக்கு மாற்றவா’ என்று திரையில் கேட்டது இதற்காகத்தான்.

டாக்கிலேயே விட்டுவிட்டால்

பிளேயரை மாதக்கணக்கில் சார்ஜ் ஏற்றும் டாக்கிலேயே நிறுத்திவைப்பது வசதிதான். ஆனால் லித்தியம் பேட்டரிக்கு எப்போதும் நிறைந்தே இருப்பதும் பிடிக்காது, வெப்பமும் பிடிக்காது. டாக்கின் பெருக்கி ஓடும்போது குழிப்பகுதி வெதுவெதுப்பாவதைத் தொட்டுப்பார்த்தாலே தெரியும். கேட்டு முடித்ததும் எடுத்துவிடுவது நல்லது. பிளேயரின் திரை ஓரத்தில் மேலெழும்பியிருந்தாலோ, சமதரையில் வைத்தால் தள்ளாடினாலோ பேட்டரி உப்பத் தொடங்கிவிட்டது. அதன்பின் சார்ஜ் ஏற்றவே கூடாது, அழுத்தி மூடப் பார்க்கவும் கூடாது.

நெடுநாள் பயன்படுத்தாமல் எடுத்துவைப்பதானால் பிளேயரைப் பாதி சார்ஜில் அணைத்துவையுங்கள். டாக்கின் பேட்டரிகளையும் ரிமோட்டின் வட்டச் செல்லையும் வெளியே எடுத்துவிடுங்கள். பெரியப்பாவின் ரிமோட்டைத் திறந்தபோது செல்லைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. காய்ந்த துணியால் துடைத்து, தொடுதகட்டைப் பென்சில் அழிப்பானால் இரண்டு முறை தேய்த்து, புதுச் செல்லைப் போட்டோம். முதல் அழுத்தலிலேயே டாக்கின் விளக்கு பச்சையாக எரிந்தது.